பத்திரிகைப் போட்டோகிராபரின் ஒரு நாளும், ரோலில் மிஞ்சும் நாலு பிரேமும்

விஸ்காம் முடித்த தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். சென்னையில் ஒரு நாளிதழ் அவரைப் போட்டோகிராபர் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறதாம், நவம்பரில் சேர வேண்டுமாம். தினமும் என்ன மாதிரி வேலை இருக்கும், தனக்கென்று படம் எடுக்க நேரம் கிடைக்குமா, இல்லை கேமராவைத் தொட்டாலே ஆபீஸ் ஞாபகம் வருகிற அளவுக்கு ஆகிவிடுமா என்பது அவர் கேள்வி.

தம்பி, நான் 1989-இல் இந்த வேலைக்கு வந்தேன். முப்பத்தொரு வருடம் இந்த ஊர்த் தெருக்களில் கேமராவோடு அலைந்திருக்கிறேன். உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு எந்தப் போட்டோகிராபரைக் கேட்டாலும் பதில் சொல்வார். இரண்டாவது பாதியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. எனக்கு அதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல இருக்கிறது. ஆனாலும் வரிசையாகவே வருகிறேன்.

முதல் நாள் ராத்திரியே அசைன்மென்ட் வந்துவிடும். எங்கள் காலத்தில் ஆபீஸில் ஒரு நீள டைரி இருக்கும், சீஃப் போட்டோகிராபர் அதில் யாருக்கு எது என்று எழுதி வைப்பார். இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. பத்தரைக்குச் சேப்பாக்கத்தில் பிரஸ் மீட், பதினொன்றரைக்கு வள்ளுவர் கோட்டத்தில் ஆர்ப்பாட்டம், மூன்று மணிக்கு ஒரு கல்லூரி விழா, ஆறு மணிக்கு ஏதாவது ஒரு ஹாலில் புத்தக வெளியீடு. எழுதி வைத்தபடி நடந்து முடிந்த நாட்கள் குறைவு. பிரஸ் மீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே போன் வரும்: பாரிமுனைப் பக்கம் குடோன் தீப்பிடித்துவிட்டது, உடனே கிளம்பு. அதனால் வண்டியை எங்கே நிறுத்தினாலும் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பி நிறுத்தப் பழகிக்கொள்ளுங்கள். ஆர்ப்பாட்டம் நடக்கிற இடத்தில் போலீஸ் பஸ்ஸுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டால், எல்லோரையும் ஏற்றிக் கூட்டம் கலைகிற வரை வண்டியை எடுக்க முடியாது. படம் கையில் இருந்தும் ஆபீஸ் போய்ச் சேராமல் தவிப்பது கொடுமையான விஷயம்.

எந்த நிகழ்ச்சிக்குப் போனாலும் முதலில் சேஃப்டிக்கு ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மேடையில் இருப்பவர்கள் எல்லோர் முகமும் தெரிகிற மாதிரி, கண் மூடாமல், ஷார்ப்பாக ஒன்று. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் டெஸ்க், அதாவது ஆபீஸில் உட்கார்ந்து பக்கம் தயாரிக்கிறவர்கள், அதைத்தான் முதலில் கேட்பார்கள். குத்துவிளக்கு, சால்வை, நினைவுப்பரிசு இந்த மூன்றையும் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் தடவை எடுத்திருப்பேன் என்று தெரியாது. அதைக் கேவலமாக நினைக்காதீர்கள். சால்வை வாங்குகிறவருக்கு அது ஒரே ஒரு நாள். சேஃப்டி படம் முடிந்ததும் இடத்தை மாற்றுங்கள். மைக் ஆஃப் ஆன பிறகு, வீடியோக்காரர்கள் வயரைச் சுற்ற ஆரம்பித்த பிறகு, ஐந்து நிமிடம் கூடுதலாக நில்லுங்கள். அதுவரை கேமராவுக்காக உட்கார்ந்திருந்த மனிதர் அப்போதுதான் சாய்ந்து உட்காருவார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், பக்கத்திலிருப்பவரின் காதில் ஏதோ சொல்லிச் சிரிப்பார். எனக்குக் கிடைத்த நல்ல முகங்களில் பாதி அந்த ஐந்து நிமிடத்தில் கிடைத்தவை.

மழைப் படம், வெயில் படம் என்று ஒன்று உண்டு. டெஸ்க்கில் இருந்து மத்தியானம் சொல்வார்கள்: "வெயில் படம் ஒண்ணு வேணும்ப்பா." மே 4 வாக்கில் கத்திரி பிறந்துவிட்டால் தினமும் கேட்பார்கள். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு போகும் பெண்கள், இளநீர்க் கடை, தர்பூசணி வண்டி என்று எல்லாப் பத்திரிகையிலும் ஒரே படம் வரும். நானும் அதையே எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஜெமினி மேம்பாலத்துக்கு அருகே சிக்னலில் நிற்கும்போது கவனித்தேன். சிவப்பு விளக்கு எரிகிறது, வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு வண்டி இல்லை. இருபது முப்பது அடி பின்னால், பாலத்தின் நிழல் எங்கே முடிகிறதோ அந்தக் கோட்டில், ஸ்கேல் வைத்து நிறுத்தியது போல அத்தனை டூவீலரும் நிற்கின்றன. கோட்டுக்கும் வண்டிகளுக்கும் நடுவில் தார் ரோடு வெறிச்சோடிக் கிடக்கிறது. அந்த வெறுமையான ரோடுதான் வெயில். பிளாட்பாரத்துக் கம்பி மேல் ஏறி நின்று நாலு பிரேம் எடுத்தேன். மறுநாள் முதல் பக்கத்தில் வந்தது. வெயில் ஜனங்களை என்ன செய்ய வைக்கிறது என்று பார்க்க அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

அப்புறம் கேப்ஷன், அதாவது படத்துக்குக் கீழே யார் யார் என்று போடுகிற வரி. காலேஜில் இதற்கு ஒரு வகுப்புகூட எடுத்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். என் இரண்டாவது வருடத்தில் ஒரு பாராட்டு விழாப் படத்தில் அண்ணன் தம்பி இருவரும் அருகருகே நின்றிருந்தார்கள். நான் இடம் வலம் மாற்றி எழுதிவிட்டேன். அச்சான அன்று யாரும் எதுவும் சொல்லவில்லை. சில மாதம் கழித்து அண்ணன் காலமானபோது, டெஸ்க் பழைய படத்தை எடுத்து, என் கேப்ஷனை நம்பி, உயிரோடிருக்கும் தம்பியின் முகத்தை வெட்டிப் போட்டுவிட்டது. மைலாப்பூரில் அவர்கள் வீட்டுக்கு நானே போனேன். தம்பி என்னைத் திட்டவில்லை. உள்ளே அழைத்து உட்காரவைத்து, பழைய ஆல்பத்தைக் கொண்டுவந்து பக்கம் பக்கமாகத் திருப்பி, இது அண்ணன், இது நான் என்று விரல் வைத்துக் காட்டினார். அரை மணி நேரம். அன்றையிலிருந்து பாக்கெட் நோட்டில் பெயரை மட்டும் எழுதுவதில்லை. "இடமிருந்து: நீலச் சட்டை, பெயர், இனிஷியல், வெள்ளை வேட்டி, பெயர், இனிஷியல்" என்று உடையோடு சேர்த்து எழுதுவேன். நீங்களும் அப்படியே எழுதுங்கள். போன் காலம் என்பதால் பெயரைச் சொல்லச் சொல்லி ரெக்கார்ட் செய்துகொண்டாலும் சரி.

அச்சுக்குப் படம் தயார் செய்வதைப் பற்றி ஒன்றே ஒன்று. நியூஸ்பிரின்ட் மையை உறிஞ்சும், புள்ளி பரவும். உங்கள் லேப்டாப்பில் அழகாகத் தெரிகிற இருட்டு, பேப்பரில் வெறும் கறுப்புத் தீற்றலாகிவிடும். நிழலை நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தூக்கிவிட வேண்டும். முதல் ஒரு மாதம் உங்கள் படம் வந்த பக்கத்தையும் ஸ்கிரீனில் இருக்கும் ஒரிஜினலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தானாக வந்துவிடும்.

சரி, இரண்டாவது பாதிக்கு வருகிறேன்.

நான் சேர்ந்தபோது கறுப்பு வெள்ளை பிலிம். முப்பத்தாறு பிரேம் ரோலாகக் கடையில் வாங்கினால் கட்டுப்படியாகாது என்று ஆபீஸில் 100 அடி டின்னாக வாங்குவார்கள். டார்க் ரூமில் விளக்கை அணைத்துவிட்டு, கையால் துழாவி, காலி கேசட்டுகளில் நாங்களே சுற்றிக்கொள்வோம். ஒரு டின்னில் பதினெட்டு ரோல் வரும். காலையில் ஆளுக்கு இரண்டு ரோல், சில நாள் மூன்று. என் கையில் இருந்தது நிக்கான் எஃப்எம்2. பேட்டரி செத்தாலும் ஷட்டர் வேலை செய்யும், வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் மட்டும்தான் போகும். மெட்ராஸ் வெயிலுக்கு மீட்டரே வேண்டாம். ஐஎஸ்ஓ 400 பிலிம் என்றால் ஷட்டர் 500 (நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு), அபெர்ச்சர் என்கிற லென்ஸ் துளை 16, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

முப்பத்தாறையும் அசைன்மென்ட்டிலேயே தீர்த்துவிட யாருக்கும் தைரியம் வராது. கடைசி நிமிடத்தில் ஏதாவது நடந்தால் பிலிம் வேண்டுமே. அதனால் நிகழ்ச்சி முடிந்து கிளம்பும்போது ரோலில் நாலைந்து பிரேம் மிஞ்சியிருக்கும். ஆபீஸ் போனதும் ரோலை உடனே டெவலப் செய்தாக வேண்டும், நாளைக்கு என்று கேமராவில் வைத்திருக்க முடியாது. அந்த நாலு பிரேமும் வீண். சேர்ந்த புதிதில் நான் டார்க் ரூம் வாசலில் நின்று சுவரைப் பார்த்துக் கிளிக் கிளிக் என்று அடித்து ரோலை முடித்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருந்த மூத்தவர் ஒருவர் என் மணிக்கட்டைப் பிடித்து, "ஏம்ப்பா, சுவத்துக்குக் கொடுக்கிறத உனக்குன்னு எடுத்துக்கோயேன்" என்றார். பதின்மூன்று வருடம், டிஜிட்டல் வருகிற வரை, நான் அப்படித்தான் எடுத்தேன். ஆபீஸுக்கு வருகிற வழியில், ரோலில் மிஞ்சிய நாலு பிரேம். திட்டம் கிடையாது, தலைப்பு கிடையாது. வண்டி எங்கே நிற்கிறதோ அங்கே கண்ணில் படுவது.

அந்த நெகட்டிவ்களில் என்ன இருக்கிறது என்று வரிசையாகப் பார்த்தது ரிட்டயர் ஆன பிறகுதான். மவுண்ட் ரோட்டில் சாரத்தின் மேல் நின்று சினிமா பேனருக்கு மூக்குக் கோடு போடுகிற பெயின்டர். அந்த மூக்கு மட்டும் அவர் உயரம் இருக்கிறது. எஸ்டிடி பூத்தின் கண்ணாடிக்குள் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு மீட்டரையே பார்க்கிற ஒரு கட்டடத் தொழிலாளி. மாடி பஸ்ஸின் மேல் தட்டில் முன் ஜன்னலை ஒட்டி உட்கார்ந்து கம்பியை ஸ்டீயரிங் போலப் பிடித்திருக்கும் பையன். விடியற்காலையில் பிளாட்பாரத்தில் பேப்பர் கட்டுகளைப் பிரித்து, இணைப்பைச் சொருகி, சைக்கிளில் அடுக்குகிறவர்கள். இந்த ஆட்களை மட்டும் இருநூறு முந்நூறு தடவை எடுத்திருக்கிறேன். நாங்கள் எடுத்த படம் வீட்டு வாசலில் போய் விழுவது அவர்கள் கையால்தான். பேப்பரில் அவர்கள் படம் ஒரு தடவைகூட வரவில்லை.

மெரினாவில் எடுத்தவை தனிக் கட்டு. 1990-களில் ஒரு சாயங்காலம் எடுத்ததில் பலூன்காரரும் ஒரு குடும்பமும் நிற்கிறார்கள், பின்னால் கண்ணகி சிலை. நான் எடுத்தது பலூன்காரரைத்தான். 2001 டிசம்பரில் சிலையை அங்கிருந்து அகற்றினார்கள். அப்போது ஆபீஸுக்காக வெறும் இடத்தை எடுக்கப் போனேன், அந்த ரோலிலும் மிச்சம் நாலு பிரேம், அதிலும் ஒரு பலூன்காரர். 2006-இல் சிலை திரும்ப வந்தது. கொஞ்சம் தள்ளியிருந்த சீரணி அரங்கம் 2003-இல் போனது, அது திரும்ப வரவில்லை. அரங்கத்துக்கு முன்னால் கூட்டம் கூடியபோதெல்லாம் மேடையைப் பார்த்து எடுத்த படங்கள் ஆபீஸில் இருந்தன. கூட்டம் இல்லாத மத்தியானத்தில் அதன் நிழலில் ஆட்கள் படுத்துத் தூங்கியது என் பெட்டியில்தான் இருக்கிறது.

மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பும் பழக்கமும் இந்த மிச்ச பிரேம்களால் வந்ததுதான். 1999 ஜனவரி 31, சேப்பாக்கத்தில் பாகிஸ்தானோடு டெஸ்ட் மேட்ச். டெண்டுல்கர் முதுகு வலியோடு 136 அடித்து அவுட் ஆனார், கடைசி விக்கெட்டும் விழுந்தது, 12 ரன்னில் தோற்றோம். பவுண்டரிக்கு வெளியே பெரிய லென்ஸோடு உட்கார்ந்திருந்த எல்லோரும் பாகிஸ்தான் டீம் கட்டிப்பிடித்துக் குதிப்பதை எடுத்தோம், எடுக்கத்தான் வேண்டும். ஸ்டேடியம் ஒரு நிமிடம் மூச்சுப் பேச்சு இல்லாமல் இருந்தது. அப்புறம் பின்னாலிருந்து கைதட்டல் மெதுவாக ஆரம்பித்துப் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஜெயித்தவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள், நம் ஜனம் எழுந்து நின்று கைதட்டியது. சின்ன லென்ஸ் போட்டிருந்த இரண்டாவது கேமராவைத் தூக்கிக்கொண்டு கேலரிப் பக்கம் திரும்பினேன். ஒரு பெரியவர், நெற்றியில் விபூதி, கண்ணில் தண்ணீர் வழிகிறது, அதைத் துடைக்கக் கை வரவில்லை, ஏனென்றால் இரண்டு கையும் தட்டிக்கொண்டிருக்கின்றன. என் வாழ்க்கையில் நான் எடுத்த ஒரு படத்தைக் காட்டு என்று யாராவது கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணிவாக்கில் கடல் ரோட்டுக்கு வந்துவிட்டது என்று போன் வந்தபோது எனக்குப் புரியவே இல்லை. அன்றும் அடுத்த பத்து நாளும் எடுத்தவற்றை இங்கே விவரிக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். மூன்றாவது வாரம் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் நிவாரணப் பொருள் கொடுப்பதை எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா என் கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றார். வரிசை முடிந்ததும் பக்கத்தில் வந்து, "தம்பி, இதப் பெருசாக்கித் தர முடியுமா?" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு வாக்காளர் அட்டை. தண்ணீரில் ஊறி, லேமினேஷன் பிரிந்து, ஓரம் சுருண்டு போயிருந்தது. அவர் வீட்டுக்காரருடையது. வீட்டில் இருந்த கல்யாண போட்டோ, மற்றப் படங்கள் எல்லாம் போய்விட்டன. முப்பதாம் நாளுக்குள் மாலை போட ஒரு படம் வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

அட்டையில் இருந்த முகம் என் கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு கன்னத்தில் மை கலைந்திருந்தது. ஒரு கண் நன்றாக இருந்தது. மேக்ரோ லென்ஸ் போட்டு, ஜன்னல் வெளிச்சத்தில், பளபளப்பு விழாத கோணம் கிடைக்கிற வரை அட்டையைத் திருப்பித் திருப்பி எடுத்தேன். கம்ப்யூட்டரில் கலைந்த கன்னத்தை நல்ல கன்னத்தை வைத்துச் சரி செய்ய இரண்டு ராத்திரி ஆனது. பத்துக்கு எட்டில் பிரின்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "மச்சம் இந்தப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம்" என்றார். நல்ல கன்னத்தைத் திருப்பிப் போட்டதில் அதிலிருந்த மச்சமும் சேர்ந்து மை கலைந்த பக்கத்துக்கு வந்துவிட்டது, நிஜ மச்சம் நல்ல கன்னத்தில் மட்டும்தான் இருந்திருக்கிறது. திரும்ப உட்கார்ந்து மாற்றினேன். அதற்குள் விஷயம் பரவி, அந்தக் குப்பத்தில் இருந்து மட்டும் பதினோரு பேர் ரேஷன் கார்டு, படகு லைசென்ஸ், ஸ்கூல் குரூப் போட்டோ என்று கையில் எதையாவது எடுத்துக்கொண்டு வந்தார்கள். குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் பாதி மறைந்து நிற்கிற பெண் குழந்தையைப் பெரிதாக்கித் தந்தேன். அந்தப் பதினோரு பிரின்ட்டும் எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை. நான் செய்த வேலைகளில் எனக்கு மனநிறைவைத் தந்த வேலை அது.

இதிலிருந்துதான் எனக்கு ஒரு விஷயத்தில் உறுதியான கருத்து உண்டு: சாவு வீட்டில், விபத்தில், வெள்ளத்தில் அழுகிற முகத்தை எடுக்கலாமா? எடுக்கலாம். நடந்ததை ஊர் பார்த்தாக வேண்டும். ஆனால் அகல லென்ஸை முகத்துக்கு முன்னால் நீட்டாதீர்கள், பிளாஷ் அடிக்காதீர்கள். ஒருவர் கையை உயர்த்தி வேண்டாம் என்றால் கேமராவை இறக்குங்கள், அந்தப் படம் இல்லாமலும் மறுநாள் பேப்பர் வரும். பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தை என்றால் உங்கள் விருப்பத்துக்கே இடமில்லை. 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு, அந்தக் குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. படம், பெயர், குடும்பம், பள்ளி, வீடு இருக்கும் பகுதி எல்லாம் அதில் வரும். முகத்தை மங்கலாக்கிவிட்டு வீட்டு வாசலையும் தெருப் பெயர்ப் பலகையையும் காட்டினாலும் குற்றம்தான். டெஸ்க்கில் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள், அந்த ஃப்ரேமையே எடுக்காதீர்கள்.

டிஜிட்டல் வந்த பிறகு மிச்ச பிரேம் என்ற பேச்சே போய்விட்டது. கார்டில் ஆயிரம் படம் எடுக்கலாம், ஆனால் ஒன்றுகூட நமக்கென்று மிஞ்சாது. இது எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது. 2003, 2004-இல் நான் எனக்காக எடுத்தது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பார்த்ததையெல்லாம் அடித்துத் தள்ளிவிட்டு, ஆபீஸில் பத்தைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிட்டு, கார்டை ஃபார்மட் செய்துவிடுவேன். அப்புறம் நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். பையில் ஒரு சின்ன கார்டு தனியாக இருக்கும். அசைன்மென்ட் முடிந்து கிளம்பும்போது அதைப் போட்டு நாலு படம் எடுப்பேன். ஐந்தாவது கிடையாது. சரியாக வரவில்லை என்றாலும் அழித்துவிட்டுத் திரும்ப எடுக்க மாட்டேன். உங்களிடம் நல்ல கேமரா உள்ள போன் இருக்கும், அதிலேயே செய்யலாம். ஆனால் எண்ணிக்கை வைத்துக்கொள்ளுங்கள். நேரம் கிடைக்குமா என்று கேட்டீர்களே, நாலு படத்துக்குப் பத்து நிமிடம் போதும்.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் இளைஞர்கள் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தபோது, ராத்திரி ஆயிரக்கணக்கான போன் விளக்குகள் எரிந்த படத்தை நான் உட்பட எல்லோரும் எடுத்தோம். என் சின்ன கார்டில் அன்று இருப்பது, கூட்டத்தின் ஓரத்தில் சார்ஜ் தீர்ந்துபோன போனைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவர்களின் வெளிச்சத்தைப் பார்த்து நிற்கும் ஒரு பெண். எது நல்ல படம் என்று எனக்கு இன்றும் முடிவு செய்ய முடியவில்லை. ஆபீஸுக்கு முதல் படம்தான் வேண்டும், அதில் சந்தேகமில்லை.

வேலையில் சேரும்போது கையெழுத்துப் போடுகிற காகிதத்தைப் படியுங்கள். 1955-ஆம் ஆண்டு உழைக்கும் பத்திரிகையாளர் சட்டத்திலேயே செய்திப் போட்டோகிராபரும் பத்திரிகையாளர் என்று சேர்த்திருந்தார்கள். ரிப்போர்ட்டருக்குத் துணையாகப் போகிறவர் என்று உங்களை யாராவது நடத்தினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. பத்திரிகை ஊழியர் வேலையின் பகுதியாக எடுத்த படத்தைப் பத்திரிகைகளில் வெளியிடும் உரிமை முதலாளிக்கு, மற்ற உரிமைகள் எடுத்தவருக்கு என்று அது சொல்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் செல்லும். நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டவன். நான் வேலை பார்த்த இடங்களில் ஒன்று கட்டடம் மாறியபோது, பழைய நெகட்டிவ்களை மூட்டை கட்டிக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்கள். நான் ஊரில் இல்லாத வாரம். 1990-களின் பாதி சென்னை அந்த மூட்டைகளில் இருந்தது. இன்றும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது. என் மிச்ச பிரேம் ரோல்களில் பலவற்றை நான் கேட்டு வாங்கி வீட்டில் வைத்திருந்ததால்தான் அவையாவது தப்பின.

வீட்டில் வைத்திருந்ததும் முழுசாகத் தப்பவில்லை. 2015 டிசம்பர் 1 ராத்திரி அடையாற்றுத் தண்ணீர் சைதாப்பேட்டையில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் வந்தது. நான் வேலையில் இருந்தேன். அந்த ராத்திரி அச்சகத்துக்கு ஊழியர்கள் போக முடியாமல் மறுநாள் தி இந்து ஆங்கில நாளிதழே அச்சாகவில்லை. 1878-இல் தொடங்கிய பத்திரிகைக்கு அப்படி ஆனது அதுவே முதல் தடவை. மூன்றாம் நாள் நான் வீடு வந்தபோது என் மனைவி நெகட்டிவ் பெட்டிகளை அடையாளம் தெரியாத சேற்றுக்குள்ளிருந்து எடுத்து, வெயிலில் காயப்போடலாமா என்று கேட்டுக்கொண்டு நின்றார். காயவிடக் கூடாது. நனைந்த நெகட்டிவ் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்தால் பிரிக்கும்போது படத்தோடு உரிந்து வரும். நல்ல தண்ணீரில் முக்கியே வைத்திருந்து, ஒவ்வொன்றாகப் பிரித்து, அலசி, கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட வேண்டும். குடிக்கவே தண்ணீர் இல்லாத வாரத்தில், மொட்டை மாடியில் மழைத்தண்ணீர் பிடித்த நாலு பக்கெட்டில் நானும் மனைவியும் மகளும் அதைத்தான் செய்தோம். மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

கொடியில் தொங்கிய பட்டைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்த என் மகள், "அப்பா, இது நான்தானே?" என்றாள். ஏதோ ஒரு ஆர்ப்பாட்டத்தின் முப்பத்திரண்டு பிரேமுக்குப் பிறகு, கடைசி நாலில், வீட்டு வாசல் படியில் உட்கார்ந்து ஒரு செருப்பை மட்டும் போட்டுக்கொண்டு அழுகிற மூன்று வயதுக் குழந்தை. அன்றைக்கு ஆபீஸுக்குப் போகிற வழியில் வீட்டில் சாப்பிட நிறுத்தியிருக்க வேண்டும். அவளுடைய பிறந்தநாள்களில் பாதிக்கு நான் ஊரில் ஏதோ ஒரு மூலையில் வேலையில் இருந்தேன், அந்தப் படங்கள் எங்களிடம் இல்லை. இப்படி நடுநடுவே விழுந்தவைதான் இருக்கின்றன. அவற்றை இப்போது அவள்தான் ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறாள், ஒவ்வொரு பட்டையிலும் முதலில் கடைசி நாலு பிரேமைப் பார்க்கிறாள்.

இந்த ஊர்க் காற்றில் உப்பும் ஈரமும் உண்டு, லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும், மாதம் ஒரு தடவை ஜெல்லைச் சூடாக்கி ஈரத்தை எடுத்துவிடுங்கள். உங்கள் நாலு படங்களைத் தேதி, இடம் எழுதி இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள், இரண்டும் ஒரே வீட்டில் இருக்க வேண்டாம். நவம்பரில் சேர்கிறீர்கள் என்றால் வடகிழக்குப் பருவமழை நடுவில் சேர்கிறீர்கள், முதல் நாளே மழைப் படம் கேட்பார்கள். ரெயின்கோட் வாங்கிவிடுங்கள். கேமராவுக்குப் பெரிய பால் கவர் இரண்டும் ரப்பர் பேண்டும் பையில் இருக்கட்டும், அது தனியாக வாங்குகிற கவரைவிட நன்றாக வேலை செய்யும்.